முன்வீட்டில் வைத்த நீலப் பை

நான் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. கடவுச்சீட்டே எடுத்ததில்லை. ஆனால் இரவு முழுக்க ஒடுக்கமான கதிரையில் குந்தியிருந்து போவதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால், கோப்பாயில் இருக்கிற சனம் என்னிடம்தான் ஆளை அனுப்பும். இருபது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று வெளிக்கிடுகிறவர்கள் கடைசிக் கிழமையில் எங்கள் கடைக்கு ஒருதரம் வந்துதான் போவார்கள். பிறகு லீவில் வரும்போது எது உதவியது, எது வீணாய்ப் போனது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுப் படித்ததுதான்.

காலுக்கு இறுக்கமான நீளக் காலுறை. அதை விமானத்தில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, காலையில் கட்டிலை விட்டு இறங்க முதலே போட வேண்டும். கழுத்துத் தலையணையில் காற்று ஊதுகிறதை வாங்கக் கூடாது, பாதி வழியில் காற்றுப் போய்விடும். சால்வை பருத்தியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தருகிற கம்பளி கடிக்கும், காலை மூடினால் தோளுக்கு எட்டாது. உதட்டுக்குக் களிம்பு, காதுக்குப் பஞ்சு, இறங்கும்போது சப்புவதற்கு நாலு தோடம்பழ இனிப்பு. கால் வீங்கும், ஆனபடியால் வார் இறுக்கின செருப்பு வேண்டாம். இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லுவேன். ஒரு மாப்பிள்ளை கழுத்துத் தலையணையை வாங்கிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் தபாலில் அனுப்பினால் திருப்பி எடுப்பீர்களோ என்று கேட்டார். கழுத்தையும் சேர்த்து அனுப்பினால் எடுப்போம் என்றேன். அவருடைய தாய் முதலாளியிடம் வந்து முறைப்பாடு வைத்தார். என் வாய் அப்படி. அது யாரிடமிருந்து வந்தது என்று இதை வாசித்து முடிக்க முதல் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு அப்போது எழுபத்து நாலு வயது. அண்ணை ரொறன்ரோவுக்குப் போய்ப் பதினேழு வருடம். போனவர் ஒருதரமும் வரவில்லை. கல்யாணமும் அங்கேதான் நடந்தது. மச்சாளை அம்மா கண்டதெல்லாம் தொலைபேசியின் சின்னக் கண்ணாடியில், அதுவும் நெற்றியும் முகட்டு மின்விசிறியுமாக. பேத்திக்கு எட்டு வயது. அம்மாவைக் கூப்பிட்டு ஆறு மாதம் வைத்திருக்க அண்ணைக்கு ஒருவழியாக மனம் வந்து, விசாவும் வந்தது. கோப்பாயில் அம்மா அதை வீடு வீடாகச் சொல்லி முடிக்க இரண்டு கிழமை எடுத்தது.

அம்மாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. மூன்று வருடமாகச் சிறுநீரை அடக்க முடியாது. இருமினால், தும்மினால், கதிரையால் சட்டென்று எழும்பினால் சேலை நனையும். டாக்குத்தருக்கும் எனக்கும் தவிர ஒருவருக்கும் இது தெரியாது. அண்ணைக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சுவாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினார். நான் கடையிலிருந்து டயப்பரைப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவருவேன். கோயிலுக்குப் போக, செத்தவீட்டுக்குப் போக எல்லாம் அது வேண்டும். நனைந்த சேலைகளைத் தோய்த்துப் பின்வளவில், றோட்டுக்குத் தெரியாத கொடியில் போடுவேன். ஒருநாள் தோய்த்துக்கொண்டு நிற்கும்போது என் முகத்தில் எதையோ கண்டுவிட்டு அம்மா சொன்னார்.

"மூஞ்சையை நீட்டாதை. உனக்கென்ன, பிள்ளையோ குட்டியோ? சும்மா நிக்கிற நேரத்திலை தோய்க்கிறாய்."

அம்மாவுக்குக் கிட்டப் பார்க்கக் கண் மங்கல். காதும் வாயும் நல்ல வடிவாக வேலை செய்தன. அடுப்படியில் நான் வாய்க்குள் முணுமுணுத்தால் முன்விறாந்தையில் இருந்து மறுமொழி வரும்.

விமானம் விழுமோ என்று அம்மா பயப்படவில்லை. தனியப் போவதற்கும் பயப்படவில்லை. ஒரேயொரு பயம்தான். "நான் இறங்கேக்கை மருமகள் முன்னுக்கு வந்து நிப்பாள். அவளுக்கு முன்னாலை சேலை நனைஞ்சுபோய் நிக்கக்கூடாது. அது ஒண்டுதான் பிள்ளை. மிச்சமெல்லாத்தையும் நான் சமாளிப்பன்" என்றார். அம்மா என்னிடம் கெஞ்சுகிற மாதிரிக் கதைத்தது என் சீவியத்தில் அந்த ஒரு தரம்தான். அதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

சொன்னபடி செய்யவும் செய்தேன். ஒரு நீலத் துணிப்பை எடுத்தேன். அதற்குள் நாலு டயப்பர், இரண்டு உள்பாவாடை, மடித்தால் கையளவு வருகிற ஒரு வொயில் சேலை, ஈரத்தை முடிந்து வைக்கத் தடித்த பொலித்தீன் பை, ஈரக் கடதாசி ஒரு பைக்கற், மணத்தைப் போக்க ஓடிக்கொலோன் சின்னப் போத்தல், சால்வை எல்லாம் வைத்தேன். எதை முதலில் எடுக்க வேண்டுமோ அது மேலே வருகிற மாதிரி அடுக்கினேன். கடவுச்சீட்டும் மருந்துக் குளிசைகளும் கழுத்தில் மாட்டுகிற சின்னப் பையில்.

அதோடு விடவில்லை. விமானத்துக் கக்கூசில் திரும்ப இடமில்லை என்று வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் குளியலறையில் தண்ணீர் வாளிகளையும் ஒரு முக்காலியையும் அடுக்கி இடத்தைப் பாதியாக்கி, அம்மாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அதற்குள் நின்று சேலையைத் தூக்கிச் செருகி, ஒன்றைக் கழற்றி, மற்றதைப் போட்டு, கழற்றியதை முடிந்துகொண்டு வெளியே வர வேண்டும். முதல் நாள் அரை மணித்தியாலம் எடுத்தது. வாளி ஒன்று கவிழ்ந்தது. "வெளியிலை ஆக்கள் வரிசையிலை நிக்கினம், கதவைத் தட்டுகினம்" என்று சொல்லி நான் கதவைத் தட்டினேன். வேண்டாத வேலைதான், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளே இருந்து அம்மா என் பிறப்பைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத ஏலாது. ஐந்தாம் நாள் எட்டு நிமிடத்தில் வெளியே வந்தார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. அது எனக்கு நல்ல நினைவு.

அண்ணையிடம், அம்மாவுக்கு நடைபாதைப் பக்கத்து இருக்கையாக எடுங்கோ என்று மூன்றுதரம் சொன்னேன். காரணம் சொல்ல முடியாது, முழங்கால் வருத்தம் என்றேன். அவர் ஜன்னல் பக்கத்தை எடுத்தார். "அம்மா பாவம், முகிலைப் பார்த்துக்கொண்டு வரட்டும்" என்றார். விமானம் இராத்திரி ஒன்பதரைக்கு. இருட்டில் என்ன முகில்? எழும்பிப் போக வேண்டுமென்றால் முன்பின் தெரியாத இரண்டு பேரை எழுப்ப வேண்டும், அதுவும் பாசை தெரியாமல். இதைச் சொன்னால் அம்மா என்னைத்தான் கடிந்துகொண்டார். "அவன் பாசத்திலை செய்யிறான். உனக்கு எல்லாத்திலையும் ஒரு நொட்டை."

கடைசிக் கிழமையில் சொந்தம் எல்லாம் பார்சலோடு வந்தது. ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் அவரை மனிசராகப் பார்ப்பதில்லை, கால் முளைத்த பெட்டியாகத்தான் பார்ப்பார்கள். சின்னம்மா தன் மகனுக்கு மூன்று கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவந்தா. மாமாவின் மகள் ஒடியல் மாவும், இடித்த அரிசி மாவும், வேப்பம்பூ வடகமும் கொண்டுவந்தாள். "எணை மாமி, பாரம் இல்லை, சும்மா கையிலை கொண்டு போகலாம்" என்று சொல்லி அவள் வைத்த பையைத் தூக்க எனக்கே இரண்டு கை வேண்டியிருந்தது. அம்மா ஒன்றையும் மறுக்கவில்லை. அண்ணைக்கென்று பருத்தித்துறை வடை மட்டும் ஒரு பிஸ்கற் ரின் நிறைய. அதற்கு இடம் போதாமல் கைப்பெட்டிக்குள் நான் வைத்த கழுத்துத் தலையணையை இழுத்து வெளியே போட்டார். காலுறையும் வெளியே வந்தது. "இருபத்திநாலு மணித்தியாலம் என்ன, நான் சண்டை நேரம் பங்கருக்குள்ளை மூண்டு நாள் இருந்தனான்" என்றார். நீலப் பையிலும் கை வைக்கப் பார்த்தபோது நான் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அண்ணை எடுத்த டிக்கட் செவ்வாய்க்கிழமை. அங்கே இருக்கிறவருக்குச் செவ்வாய் என்ன, வெள்ளி என்ன. அம்மாவுக்கு முகம் கறுத்துப்போனது. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அன்று காலை முழுக்க நேரமும் சரியில்லை. இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. பயணம் போகிறவரின் சாமானில் ஒன்றை, முதல்நாளே நல்ல நேரத்தில் எடுத்து அயலில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்தால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, வெளிக்கிட்ட ஆளும் பாதி வழியில் திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் கெட்டது. அம்மா இதைப் பயணத்தை வெளிக்கிடுத்தி வைக்கிறது என்று சொல்லுவார்.

எதையாவது வைத்தால் போதாது. போகிற ஆளின் உடம்பில் படுகிற உடுப்பு அதில் இருக்க வேண்டும். மிளகாய்த்தூள் பயணம் போகாது. பெரிய பெட்டியைக் கட்டிப் பூட்டியாயிற்று. ஆகவே திங்கட்கிழமை காலை அம்மா குளித்து, திருநீறு பூசி, உள்பாவாடையும் சேலையும் இருந்த நீலப் பையை எடுத்துக்கொண்டு றோட்டைக் கடந்து முன்வீட்டுக்குப் போனார். முன்வீட்டு அக்கா அதைத் தன்னுடைய மண்டபத்துக் கதிரையில் வைத்தா. அந்த அக்கா நல்ல மனிசி, ஆனால் மெல்லக் கதைக்கத் தெரியாது. அவ தொலைபேசியில் கதைத்தால் மற்றப் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தொலைபேசி தேவையில்லை என்று நாங்கள் பகிடி விடுவோம்.

செவ்வாய் காலை எட்டரைக்கு வான் வந்தது. முழங்கால் மடக்க ஏலாதென்று அம்மா முன்னுக்கு, ட்ரைவருக்குப் பக்கத்தில் ஏறினார். நான் பின்னுக்கு. வெளிக்கிடும் நேரம் பார்த்துச் சின்னம்மா இன்னொரு பொதி மோர் மிளகாயோடு ஓடிவந்தா. அதை எங்கே திணிப்பது என்று பெட்டியைத் திறந்து, மூடி, சிப் கிழிந்து, கயிறு தேடி, அம்மா என்னைப் பேசி, நான் சின்னம்மாவைப் பேசி, ஒரே அமளி. முன்வீட்டு அக்காவும் வழியனுப்ப எங்கள் கேற்றடிக்கு வந்து நின்றா. அவ இங்கே வந்து நின்றபடியால் நாங்கள் அங்கே போகவில்லை. பை அவ வீட்டுக் கதிரையில் கிடந்தது.

மறந்தது தற்செயல். அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை. அதற்குப் பிறகு செய்தது எல்லாம் வேண்டுமென்று செய்தது.

கைதடிப் பக்கம் போகும்போது ட்ரைவர் கதை கொடுத்தார். அம்மா போனால் பிறகு அக்கா தனியவோ என்று என்னைக் காட்டிக் கேட்டார். வயது முப்பதுக்குள் இருக்கும், மரியாதையான ஆள், சும்மாதான் கேட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை.

"ஓம் தம்பி, தனியத்தான். என்னைப் பார்க்கிறன், என்னைப் பார்க்கிறன் எண்டு சொல்லிக்கொண்டே இருந்திட்டாள். வந்த சம்மந்தத்துக்கெல்லாம் அதைத்தான் சாட்டுச் சொன்னவள். நானோ கேட்டனான்? உண்மையைச் சொன்னால் எடுக்க ஒருத்தரும் வரேல்லை. அம்மாவைப் பார்க்கிறன் எண்டால் கேக்க வடிவா இருக்குமெல்லே." பிறகு காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "இனி எண்டாலும் நான் கொஞ்சம் நிம்மதியா இருப்பன்."

ட்ரைவர் முன்னால் போன சைக்கிளுக்கு ஹோர்ன் அடித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. இரண்டு சம்பந்தம் வந்தது. இரண்டாவதற்கு என்னைக் கேட்காமல், மகள் போனால் தன்னை யார் பார்ப்பது என்று சொல்லி அனுப்பியது அம்மாதான். அது நடந்து பதினாறு வருடம். நான் அதை ஒருநாளும் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

பாலத்தில் ஏறும்போது என் தொலைபேசி அடித்தது. முன்வீட்டு அக்கா.

"பிள்ளை, பை இஞ்சை கிடக்கெல்லே! கதிரையிலையே கிடக்கு! நிக்கச் சொல்லுங்கோ, இவரை மோட்டச்சைக்கிளிலை அனுப்பட்டே? சாவகச்சேரிக்குக் கிட்டப் பிடிச்சுப்போடுவார். நீங்கள் திரும்பவேண்டாம், அவர் கொண்டு வந்து தருவார்."

நாங்கள் திரும்பத் தேவையில்லை. பயணமும் கெடாது. அவ அதையும் யோசித்துத்தான் சொன்னா. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"வேண்டாம் அக்கா, பரவாயில்லை" என்று சொல்லி வைத்தேன்.

"ஆர்?" என்று அம்மா கேட்டார்.

"கடையிலை இருந்து."

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். நன்றாக இருந்தது. வயிற்றுக்குள் குளிர்ந்தது. நிம்மதி வேண்டுமெல்லோ, போய் இருங்கோ நிம்மதியாக, மகன் எடுத்துத் தந்த ஜன்னல் கரையில் இருங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். குளிசை எல்லாம் கழுத்துப் பையில் இருக்கிறது, உயிருக்கு ஒன்றும் வராது என்றும் சொல்லிக்கொண்டேன். காலையில் நான் கட்டிவிட்டது ஒன்று இடுப்பில் இருந்தது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி விற்கிற ஆள் நான். அதிகமென்றால் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும்.

சாவகச்சேரியில் இரண்டு மருந்துக்கடை கண்ணில் பட்டது. கிளிநொச்சியில் ஒன்றின் வாசலிலேயே வான் நின்றது, ட்ரைவர் தண்ணீர் வாங்க இறங்கினார். வவுனியாவில் சாப்பிட நிறுத்தினோம். சாப்பாட்டுக் கடைக்கு எதிரேயே ஒரு மருந்துக்கடை, அந்த முதலாளியை எனக்குத் தெரியும், எங்கள் கடையோடு சாமான் மாற்றிக்கொள்ளுகிறவர். இறங்கி நடந்தால் இருபது அடி. நான் இடியப்பத்துக்குச் சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா அரை இடியப்பத்தோடு கையைக் கழுவினார். தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பயணப் பயம் என்று நினைத்தேன். வவுனியாவுக்குப் பிறகு அம்மா சாய்ந்து படுக்கவும் இல்லை. கண்ணைத் திறந்தபடி, ட்ரைவர் பின்னுக்குப் பார்க்க மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்தில் சக்கரக் கதிரையோடு ஒரு சிங்களப் பொடியன் வந்தான். அம்மாவை இருத்தி, காலுக்குக் கீழே தட்டை இறக்கி, மடியில் கைப்பெட்டியை வைத்தான். அதற்குள் பருத்தித்துறை வடை. இனி நான் உள்ளே போக முடியாது. அவன் தள்ளத் தொடங்க முதல் அம்மா கையை உயர்த்தி அவனை மறித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் வைச்சனீதானே, பிள்ளை?"

"ஓம் அம்மா. எல்லாம் இருக்கு."

இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "சரி, போட்டு வாறன்" என்றார். திரும்பி வருகிற வழி முழுக்க நான் பின்சீற்றில் நீட்டிப் படுத்து நித்திரை கொண்டேன். அவ்வளவு நல்ல நித்திரை எனக்கு வந்து கனகாலம்.

இரண்டு நாள் கழித்து அண்ணை தொலைபேசி எடுத்தார். எடுத்த எடுப்பில் கத்தினார். அம்மா முழுப் பயணத்திலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, ஒன்றும் சாப்பிடவில்லை. அப்படியும் நனைந்துபோனார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் நித்திரை, எழுப்பக் கூச்சம். விமானத்தில் தந்த கம்பளியை மடித்துக் கீழே வைத்துக்கொண்டு, இடையில் விமானம் மாறியும் அதே ஈரத்தில் பல மணித்தியாலம் இருந்திருக்கிறார். இறங்கும்போது தலை சுற்றி விழப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றிப் பிறகுதான் வீட்டுக்குக் கூட்டிப்போனார்களாம்.

"உப்பிடி ஒரு வருத்தம் இருக்கெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? நீ மருந்துக்கடையிலை நிக்கிறனீ, உனக்கு அறிவில்லையோ?" என்றார். பிறகு குரலை இறக்கினார். "அம்மா சொல்லுறா, நீ எல்லாம் அடுக்கித் தந்தனியாம், தான்தானாம் பையை முன்வீட்டிலை மறந்து விட்டது."

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது ஆறுதல்தான். கவலை கூட இல்லை, தப்பிவிட்டேன் என்ற ஆறுதல். கவலை அடுத்த கிழமைதான் வந்தது. குளியலறையில் அந்த முக்காலி இன்னும் அப்படியே நின்றது. அதில் கால் இடிபட்டபோது, எட்டு நிமிடத்தில் வெளியே வந்து அம்மா சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் தரையில் இருந்து அழுதேன்.

அம்மா என்னோடு கதைக்க வரவில்லை. குளிக்கிறா, படுத்திருக்கிறா, பேத்தியோடு நிற்கிறா என்று மச்சாள் ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டுச் சொன்னா. பத்தாம் நாள் அம்மாவே எடுத்தார். அங்கே ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருக்க வேண்டும், சத்தமே இல்லை. நான் சுகம் கேட்டேன். அம்மா நேரே விசயத்துக்கு வந்தார்.

"இறங்கின உடனை மருமகள் வந்து கட்டிப்பிடிக்கப் பார்த்தவள். பிறகு கையை எடுத்திட்டாள். சின்னது மூக்கைப் பொத்திக்கொண்டு இங்கிலீசிலை என்னமோ கேட்டுது. எனக்கு விளங்கேல்லை. ஒருத்தரும் அதுக்கு மறுமொழி சொல்லேல்லை."

நான் "ஐயோ அம்மா" என்றேன்.

"கைதடிப் பாலத்திலை உனக்குக் கோல் எடுத்தது ஆர்?"

"கடையிலை இருந்து எண்டு அப்பவே..."

"முன்வீட்டுக்காரி கத்தினது எனக்குக் கேக்காதெண்டு நினைச்சனியோ? ட்ரைவருக்கே கேட்டது. பை கிடக்கு எண்டாள். இவரை அனுப்பட்டே எண்டாள். நீ வேண்டாம் எண்டனீ." மூச்சு வாங்கினார். "ட்ரைவற்றை கண்ணாடியிலை உன்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தனான். இப்ப சொல்லுவாள், இப்ப சொல்லுவாள் எண்டு ஆனையிறவு வரைக்கும் பார்த்தன். வவுனியாவிலை மருந்துக்கடைக்கு முன்னாலை இருந்து சொதி விட்டுச் சாப்பிட்டனீ. கடைசியா வாய்விட்டும் கேட்டன்."

"அப்ப நீங்கள் ஏன் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான்..."

"நான் ஏன் சொல்ல? நீ எவ்வளவு தூரம் போவாய் எண்டு எனக்குப் பார்க்கவேணும் போலை இருந்தது."

பதினாறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்தது. வானில் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, அந்தச் சம்பந்தத்தை யார் திருப்பி அனுப்பியது என்று தெரியுமா என்று நான் கத்தினேன். அம்மா குறுக்கே கதைக்காமல் முழுக்கக் கேட்டார்.

"ஓம், நான்தான் அனுப்பினனான். நீ போயிருந்தால் என்னை ஆர் பார்க்கிறது? அது பிழைதான். அதுக்காண்டி நீ எனக்குச் செய்தது சரியோ?" என்றார். "உன்ரை அண்ணைக்கு நீ செய்ததை நான் சொல்லேல்லை. என்ரை மகள் இப்பிடிப்பட்டவள் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு. அந்தப் பை இப்ப எங்கை?"

"முன்வீட்டிலைதான்."

"அதை எடுத்து உன்ரை அலுமாரியிலை வை. உனக்கும் வயசு போகும். எனக்கு அடுக்கி அனுப்ப நீயெண்டாலும் இருந்தனீ. உனக்கு அடுக்கித் தர ஒருத்தரும் இல்லை." அதைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

ஆறு மாதம் முடிந்து அம்மா வரவில்லை. விசாவை நீட்டியிருக்கிறோம் என்று அண்ணை சொன்னார். இப்போது மாதத்துக்கு ஒருதரம் கதைப்போம். மழையா, வெயிலா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பார். வேறொன்றும் கேட்கமாட்டார்.

பையை எடுக்க நான் போனபோது முன்வீட்டு அக்கா தரவில்லை. போன ஆள் திரும்பி வர முதல், வைத்த பையை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, பிறகு அம்மா வரமாட்டா என்று றோட்டுக்குக் கேட்கக் கத்தினா. நான் கதிரையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் ஒவ்வொன்றாக வைத்தேன். எல்லாம் நான் அடுக்கினபடியே இருந்தன. டயப்பர் உறையில் இடுப்பளவு போட்டிருக்கும். கடையில் எத்தனையோ பேருக்கு அதை வாசித்துச் சொல்லியிருக்கிறேன். எடுத்து வாசித்துப் பார்த்தேன். எனக்கும் அதே அளவுதான்.